அந்தப் பள்ளிக்கும் நாம்தான் ஜமாஅத்!

ஜூன் மாதத்தின் முதல் வாரம். ஊர் முடிந்து பைபாஸ் தொடங்கும் இடத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. எந்த ஊர், எந்தப் பள்ளி என்ற விவரம் வேண்டாம். விழுப்புரம் என்றாலும் பொருந்தும், திண்டிவனம் என்றாலும் பொருந்தும். +1 சேர்க்கைக்காகப் பெற்றோர்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கிறார்கள். நூறு நாள் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற தாய்மார்கள், அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சேர்ப்பதற்காக நானும் அந்த வரிசையில் நின்றிருந்தேன்.

வரிசையில் சேராமல் நம்மவர் ஒருவர் தனியே நின்றார். தலையில் தொப்பி, வெள்ளைச் சட்டை, கையில் பைக் சாவி, பக்கத்தில் மகன். பிள்ளையைச் சேர்க்க அவர் வரவில்லை. டி.சி. வாங்க வந்திருந்தார். பையன் பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண் 500க்கு 431.

"பாய், பையன் நல்லாப் படிக்கிறான். காமர்ஸ் குரூப் தர்றேன், இங்கேயே விட்டுடுங்க" என்று ஆசிரியர் கேட்டுப் பார்த்தார்.

"இல்லே சார், கடைக்கு ஆள் இல்லே. கல்லாவுல உட்காரப் போறவனுக்கு ப்ளஸ் டூ எதுக்கு சார்?"

ஆசிரியர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. முத்திரை குத்தினார், கையெழுத்துப் போட்டார். பையன் வரிசையில் நின்ற தன் வகுப்புத் தோழனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அத்தாவின் பைக்கில் ஏறிக்கொண்டான்.

சகோதரர்களே! கல்லாவில் உட்காரப் போகிறவன் கல்லாதவனாகத்தான் உட்கார வேண்டும் என்று நமக்கு யார் எழுதிக் கொடுத்தது?

நாம் படிக்காத சமுதாயமா?

மேடைதோறும் ஒரு புலம்பல் கேட்கிறோம். "கல்வியில் பின்தங்கிய சமுதாயம், கல்வியில் பின்தங்கிய சமுதாயம்" என்று சொல்லிச் சொல்லி நமக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவிகிதம். மாநிலத்தின் மொத்த சராசரியோ 73.5 சதவிகிதம்தான். அதாவது எழுதப் படிக்கத் தெரிந்தவர் கணக்கில் நாம் மாநில சராசரிக்கு மேலே இருந்தோம்! வட மாநில முஸ்லிம்களின் நிலையை 2006இல் சச்சார் குழு எடுத்துச் சொன்னபோது நாடே அதிர்ந்தது. அந்தக் கண்ணீரை அப்படியே கடன் வாங்கி இங்கே வடிக்க வேண்டியதில்லை.

நம்முடைய நோய் வேறு. நாம் படிக்காத சமுதாயம் அல்ல, பாதியில் நிறுத்துகிற சமுதாயம். ஆறாம் வகுப்பில் பத்துப் பேர் இருந்தால், பத்தாம் வகுப்பில் ஆறு பேர். +2 படிக்கும்போது இரண்டு பேர். நான் புள்ளிவிவரம் சொல்லவில்லை. உங்கள் தெருவில் நீங்களே எண்ணிப் பாருங்கள். பாகர்ஷா வீதியிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் கடை கடையாக நுழைந்து, கல்லாவில் இருக்கும் இளைஞனிடம் "எதுவரை படிச்சே தம்பி?" என்று கேளுங்கள். வருகிற பதில்களைக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தாமல் படிக்க வைக்கிறவர்களோ வேறொரு தவறைச் செய்கிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து பெயர்த்து டையும் ஷூவும் மாட்டி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். இதில் என்ன தவறு என்கிறீர்களா? வியாபாரிகளுக்குக் கணக்கு வழியிலேயே சொல்கிறேன்.

லாப நஷ்டக் கணக்கு

தனியார் பள்ளியில் ஆண்டுக்கு நாற்பதாயிரம் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் +2 வரை ஏழு ஆண்டுகள். 2,80,000 ரூபாய். வேன் கட்டணம், புத்தகம், சீருடை, ஆண்டு விழாவில் பிள்ளை வண்ணத்துப்பூச்சி வேஷம் போடுவதற்கான வாடகை எல்லாம் தனி. இது செலவுப் பக்கம்.

இதே ஏழு ஆண்டுகளை அரசுப் பள்ளியில் படித்தால் என்ன வரும்? 2020இல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையின் பேரில் வந்த சட்டம் அது. ஆறாம் வகுப்பு முதல் +2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை, இந்தச் சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மாறியது. நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதை விரிவாக்கினார்கள். அப்படிச் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள்.

கவனியுங்கள், சட்டம் கேட்பது ஆறு முதல் பன்னிரண்டு வரை. ஏழாம் வகுப்பில் வேனில் ஏற்றி, பதினோராம் வகுப்பில் "அங்கே ஏதோ கோட்டா இருக்காமே" என்று அரசுப் பள்ளி வாசலுக்குத் திரும்பி வந்தால் கதவு திறக்காது. இந்த முடிவை எடுக்க வேண்டிய நேரம் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கிற கோடை விடுமுறை. அந்த விடுமுறையில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "மச்சான் மகன் அந்த ஸ்கூல்லே படிக்கிறான், நம்ம மகனும் அங்கேதான்" என்று கௌரவம் பேசி முடிக்கிறோம்.

இன்னொன்று. இந்த 7.5க்கு உள்ளேயும் சாதிவாரி இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு என்று தனியாகக் கிடைத்த 3.5 சதவிகிதம் அங்கேயும் செல்லும். எத்தனை மாநாடு, எத்தனை பேரணி, எத்தனை சிறை நிரப்பும் போராட்டம் கண்டு பெற்ற உரிமை அது! அரசுப் பள்ளியில் படிக்கிற முஸ்லிம் பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. நாமோ இரண்டு வாசலையும் விட்டுவிட்டு, நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு ஏஜெண்டைத் தேடி ஓடுகிறோம். வீட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்க வைப்பதாகப் பெருமைப்படுகிறோம்.

சான்றிதழ் விஷயத்திலும் நம்முடைய அலட்சியத்துக்கு அளவில்லை. சாதிச் சான்றிதழில் வெறுமனே "இஸ்லாம்" என்று இருந்தால் 3.5க்குள் வர முடியாது. அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் என்று அரசுப் பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன. ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைக்குள் அடங்குவர். நம் பகுதியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் எந்தப் பிரிவு என்பதைப் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போதே சரியாகப் பதிந்து சான்றிதழ் வாங்கி வைத்துவிட வேண்டும். கவுன்சிலிங்குக்கு முந்தைய நாள் தாலுகா ஆபீசில் வியர்த்து விறுவிறுத்து நிற்பதில் பயனில்லை.

அரசு வேலைக்கு முயல்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 சதவிகித முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். டை கட்டி வேனில் போன பையன் இதிலும் வெளியே.

கண்ணெதிரே நிற்பவை

இந்த மாவட்டத்துக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்வதற்கும் இனி வழியில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் 1960களின் இறுதியிலேயே வந்துவிட்டன. விழுப்புரத்துக் காகுப்பத்திலும் திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் 2008இல் வந்தன. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. அரசு சட்டக் கல்லூரி 2017இல் வந்தது. முண்டியம்பாக்கத்துக்கு நம் மக்கள் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், புறநோயாளிச் சீட்டு வாங்க! வெள்ளைக் கோட்டுப் போட்டு உள்ளே போகிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

இந்தக் கல்லூரிகளுக்குப் போகிற வழி அந்தப் பைபாஸ் ஓரத்துப் பள்ளியின் உள்ளே போகிறது. அங்கே என்னென்ன இருக்கின்றன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்றொரு தேர்வு. அதில் தேறினால் ஒன்பது முதல் +2 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. 2022இல் 'நான் முதல்வன்' தொடங்கிய பின், +2வுக்குப் பிறகு என்ன படிக்கலாம், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று பள்ளியிலேயே வழிகாட்டுகிறார்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ் எல்லாம் உண்டு. காக்கிச் சட்டைக் கனவு காணும் தம்பிகளே, போலீஸ் தேர்வில் என்.சி.சி.க்கும் விளையாட்டுக்கும் தனி மதிப்பெண் இருப்பது தெரியுமா? சாயங்காலம் பைக்கில் மூன்று பேராக உட்கார்ந்து பைபாஸைச் சுற்றி வருவதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் தமிழகம் முழுதும் பேசப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' எங்கே தொடங்கியது? 27.10.2021 அன்று நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். மீனவக் குப்பங்களிலும் சேரிகளிலும் படித்த பெண்கள் தன்னார்வலர்களாக முன்வந்து சாயங்கால வகுப்பு எடுத்தார்கள். நம் முஹல்லாக்களில் எத்தனை பேர் முன்வந்தோம்? மதரஸா வகுப்பு முடிந்த திண்ணையில் ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க நம்மிடம் பட்டதாரிப் பெண்களே இல்லையா? இருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

விருதுநகர் வியாபாரி என்ன செய்தார்?

2018ஆம் ஆண்டு +2 தேர்வு முடிவு ஞாபகம் இருக்கிறதா? மாநிலத்தில் முதல் மாவட்டம் விருதுநகர். கடைசி மாவட்டம், கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த நம் பழைய விழுப்புரம். வறண்ட பூமி, கந்தக பூமி என்று பெயரெடுத்த விருதுநகர் முதலிடம். ஏரியும் கரும்பும் நெல்லும் விளையும் தென்பெண்ணைக் கரை கடைசி இடம்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னே அந்த ஊர் நாடார் வியாபாரிகளை மேல்சாதியினர் கோயிலுக்குள் விடவில்லை, ஊர்ப் பொதுவில் சேர்க்கவில்லை. அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு, வாங்குகிற பொதிக்கு இவ்வளவு என்று 'மகமை' எடுத்து வைத்தார்கள். அந்தப் பொதுப் பணத்தில் 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்காக எடுத்து வைத்தார்கள். சந்தையில் கொள்ளு, மல்லி, மிளகாய் விற்றவர்கள் கட்டிய பள்ளி அது.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். "காமராஜர் படிக்காமலே முதலமைச்சர் ஆகலையா?" என்று நம் டீக்கடை அறிஞர்கள் கேட்பார்கள். ஆனார், மறுக்கவில்லை. அவரையும் இதே போலப் பாதியில் நிறுத்தித்தான் மாமா கடையில் உட்கார வைத்தார்கள். அவர் 1954இல் முதலமைச்சரானதும் என்ன செய்தார்? கடைகளைத் திறந்தாரா? ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களைத் திறந்தார், மதிய உணவு போட்டார். பாதியில் நின்றவனுக்குத்தான் அதன் வலி தெரியும்.

நம் முன்னோர்களும் சளைத்தவர்கள் அல்லர். வாணியம்பாடியில் தோல் வியாபாரிகள் 1919இலேயே இஸ்லாமியா கல்லூரி கண்டார்கள். 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் வந்தன. அவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகளே. பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். இந்த மாவட்டத்தில் நம் வியாபாரிகள் கட்டியது என்ன? ஷாதி மஹால் கட்டினோம். ஏ.சி. போட்டோம். அதில் ஒரு கல்யாணத்துக்குச் செலவாகும் பிரியாணிப் பணத்தை வைத்து ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தைப் புதுப்பித்துவிடலாம். கோபப்படாதீர்கள், நானும் அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டவன்தான்.

கடைக்கு ஆள் வேண்டுமா, கணக்குக்கு ஆள் வேண்டுமா?

டி.சி. வாங்கிய அந்தச் சகோதரரைப் பிற்பகலில் கடையில் போய்ப் பார்த்தேன். மேஜைமேல் பில் புத்தகங்களும் ரசீதுகளும் ஒரு கட்டு. "என்ன பாய் இது?" என்றேன். "ஜி.எஸ்.டி. கணக்கு. ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பணும். மாசா மாசம் பணம் கொடுத்தே முடியலே. போன தடவை ஏதோ தப்பாப் போட்டு நோட்டீஸ் வேற வந்திடுச்சு. நமக்கு ஒண்ணும் புரியலே" என்றார்.

அல்லாஹ்வுக்காக யோசித்துப் பாருங்கள்! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் கணக்கு தெரியாமல் கடை நடத்த முடியாது. எந்தச் சரக்குக்கு எந்த வரி விகிதம், உள்ளீட்டு வரியை எப்படிக் கழிப்பது, இ-வே பில் எப்போது வேண்டும், காம்பொசிஷன் திட்டம் நமக்கு லாபமா நஷ்டமா... இதற்கெல்லாம் அடிப்படை, அந்த ஆசிரியர் சும்மா தருகிறேன் என்று கெஞ்சிய காமர்ஸ் குரூப்பில்தான் இருக்கிறது. வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல், அதோடு கணினி. மகனை இரண்டு ஆண்டு அங்கே விட்டிருந்தால், ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிற கணக்கைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கிற ஆள் வீட்டிலேயே கிடைத்திருப்பான். +2 படிக்கிற பையன் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வந்தால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறோம்?

பெரிய கம்பெனிகள் நம் ஊர்களுக்கே வந்து கடை விரிக்கின்றன. செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்குச் சரக்கு வருகிறது. அந்தக் கம்பெனிகளில் கணக்குப் பார்ப்பவன் பத்தாம் வகுப்போடு நின்றவன் அல்லன். அவனை எதிர்த்துப் பத்தாம் வகுப்புப் பையனைக் கல்லாவில் நிறுத்தி நாம் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம்?

பெண் பிள்ளைகள்

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பையன்களைவிட நம் பெண் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் +2வோடு நின்றால் காரணம் அவர்கள் அல்லர். 'தூரம்', 'பஸ்', 'நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்' என்று காரணங்களை நாம்தான் தயார் செய்கிறோம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் +2 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 5.9.2022 அன்று தொடங்கியது. பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாய் ஒரு பணமா என்று பஜார்க் கடைக்காரர் கேட்கலாம். மாவரைத்து விற்று மகளைப் படிக்க வைக்கிற விதவைத் தாயிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பணத்தின் கனம் தெரியும்.

பள்ளியில் குறையே இல்லையா?

இருக்கிறது. "அங்கே யார் சார் ஒழுங்கா பாடம் நடத்துறாங்க?" என்று கேட்கிறவரை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல் அரையாண்டு ஓடிய பள்ளிகள் உண்டு. நிரந்தர ஆசிரியருக்குப் பதில் தொகுப்பூதியத்தில் ஒருவரைப் போட்டு ஒப்பேற்றுவதும் உண்டு. தண்ணீர் வராத கழிப்பறையால் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகளின் வேதனையைச் சொல்லவே நா கூசுகிறது. +2 வகுப்பு 1978இல் வந்தபோது கூடவே வந்தது தொழிற்கல்விப் பிரிவு. மின்சாரம், இயந்திரம், தையல், அலுவலகக் கணக்கு என்று கைத்தொழிலோடு பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இடங்களை நிரப்பாமலே பல பள்ளிகளில் அந்தப் பிரிவுகளை அரசாங்கங்கள் சாகடித்தன. இதில் கழகங்கள் இரண்டுக்கும் பங்கு உண்டு.

ஒன்றிய அரசின் பங்கு தனி ரகம். சச்சார் அறிக்கைக்குப் பின் வந்த சிறுபான்மை மாணவர் உதவித்தொகையை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2022இல் நிறுத்தினார்கள். அதே ஆண்டில் ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதைக் காரணமாக்கி, 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பணம் டெல்லியில் முடங்கியபோது பாதிக்கப்பட்டவர்களில் நம் முஹல்லாப் பிள்ளையும் ஒருவன். ஆனால் அதைக் கண்டித்து நம் கடைவீதியில் எத்தனை ஷட்டர் இறங்கியது? நம் பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லாதபோது நமக்கு எப்படி வலிக்கும்?

வசதியுள்ளவன் வெளியேறினால் பள்ளியைக் கேள்வி கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாததால் பள்ளி கெடுகிறது. பள்ளி கெட்டுவிட்டது என்று சொல்லி மிச்சமிருப்பவனும் வெளியேறுகிறான். கடைசியில் அங்கே மிஞ்சுவது கூலிக்காரன் பிள்ளை. அவனிலும் நம்மவன் பாதி.

பள்ளி என்றால்...

நம் வழக்கில் பள்ளி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிவாசல். அங்கே ஒரு மின்விசிறி ஓடவில்லை என்றால் அன்று அஸருக்குள் நான்கு பேர் முத்தவல்லியைப் பிடித்துக் கேள்வி கேட்டுவிடுகிறார்கள். ஹவ்ளில் தண்ணீர் குறைந்தால் மோட்டாருக்கு வசூல் தொடங்கிவிடுகிறது. வரவு செலவுக் கணக்கை ஒட்டாவிட்டால் ஜமாஅத் கூட்டத்தில் நாற்காலி பறக்கிறது. (பறந்திருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.) இவ்வளவு ரோஷமுள்ள சமுதாயம், ஐந்நூறு அடி தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளியில், தன் பிள்ளைகள் நாளில் எட்டு மணி நேரம் இருக்கிற பள்ளியில், மின்விசிறி ஓடுகிறதா என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அதற்கும் சட்டப்படி ஒரு ஜமாஅத் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் 2022இல் இந்தக் குழுக்களுக்கு உயிர் கொடுத்து எல்லா அரசுப் பள்ளிகளிலும் புதிதாக அமைத்தார்கள். 2024இல் மறுபடியும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று தீர்மானம் போடவும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கவும் அந்தக் குழுவுக்கு உரிமை உண்டு. ஆசிரியர் இல்லை என்றால் அதையும் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பலாம். முன்னாள் மாணவர்களும் தொழில் நடத்துவோரும் அரசுப் பள்ளிக்கு நேரடியாக உதவுவதற்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற ஏற்பாடும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. லட்ச லட்சமாக நன்கொடை கொடுக்கிற நம் வியாபாரிகளுக்கு, இப்படி ஒரு ரசீதுப் புத்தகம் இருப்பதே தெரியாது.

பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தலில் ஒரு பதவிக்கு ஆறு பேர் போட்டி போடுகிறோம். வக்ஃபு வாரியம் வரை போகிறோம், வழக்குப் போடுகிறோம். இந்தக் குழுவில் உறுப்பினராகச் சேருங்கள் என்று தலைமையாசிரியர் கூப்பிட்டால் "நேரமில்லே சார்" என்கிறோம். இதில் நம் அமைப்பின் கிளை நிர்வாகிகளையும் நான் விடப்போவதில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறோம், இரத்த தானம் செய்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கிளைப் பொறுப்பாளர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறோம்? வருகிற மாவட்டப் பொதுக்குழுவில் இந்தக் கேள்வியை நானே எழுந்து கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.

431 மதிப்பெண் வாங்கிய பையனின் கதை இன்னும் முடியவில்லை. அத்தா மனம் அசைந்திருக்கிறார். "ஹெச்.எம். திரும்ப எடுத்துக்குவாரா?" என்று கேட்டார். கேட்டுப் பார்த்தேன். காமர்ஸ் குரூப்பில் இடம் இருக்கிறது, டி.சி.யைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்றார் அவர். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "பாய், பையனை மட்டும் அனுப்பாதீங்க. அவங்க அப்பாவையும் கமிட்டி மீட்டிங்குக்கு வரச் சொல்லுங்க. கடைத்தெரு ஆளுங்க ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தாலே எங்களுக்குப் பாதி வேலை நடக்கும்."

அந்தக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில்தான் நடக்கிறது. ஜும்ஆவுக்காக அடைத்த கடை எப்படியும் அடைத்துத்தானே இருக்கிறது? தொழுகை முடிந்த கையோடு அப்படியே ஐந்நூறு அடி நடந்தால் போதும். கடையை நாலரை மணிக்கு மேல் திறந்துகொள்ளலாம்.